ஸ்டில் லைஃப் கண்காட்சியில் உதவிக்கு நின்றபோது கற்றுக்கொண்டவை

ஒரு ஸ்டில் லைஃப் கண்காட்சியில், அதாவது பாத்திரம், பழம் மாதிரி அசையாப் பொருட்களை வரைந்த படங்களின் கண்காட்சியில், ஓவியருக்கு உதவியாக வேலை பார்த்தேன். படங்களைப் பிரித்து மாட்டுவது, லைட்டைத் திருப்பி வைப்பது, கண்காட்சி நடந்த நாட்களில் ஹாலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிப் பொதிவது. எனக்கு வரையத் தெரியாது. பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் அதே படங்களோடு நாள் முழுக்க அடைந்து கிடந்ததில், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிருந்தால் பிடிபட்டிருக்காத பல விஷயங்கள் பிடிபட்டன. உள்ளதை உள்ளபடி வரையும் ரியலிச ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அவற்றில் சில உதவலாம்.

ஓவியரின் பெயர் வேண்டாம். தன்னைப் பற்றி யாரும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. படங்கள் எல்லாமே எண்ணெய் வண்ணம். செம்புப் பாத்திரம், கண்ணாடி பாட்டில்கள், எலுமிச்சை, வெங்காயம், முட்டை, கசங்கிய வெள்ளைத் துணி, அட்டை கிழிந்த புத்தகங்கள் என்று எந்த வீட்டிலும் கிடக்கக்கூடிய பொருட்கள். எல்லாவற்றையும் எதிரே வைத்து நேரில் பார்த்துத்தான் வரைவார். புகைப்படத்தைப் பார்த்து வரைவதில்லை என்பதில் பிடிவாதக்காரர். பல படங்களில் பொருட்கள் அசல் அளவிலேயே இருந்தன. காரணம் அவருடைய வேலைமுறை. படத்தைத் தாங்கும் ஸ்டாண்டை (ஈசல்) பொருட்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வார். சில அடி பின்னால் வந்து, தரையில் குறித்து வைத்த ஓர் இடத்தில் நின்று, பொருளையும் படத்தையும் ஒரே பார்வையில் ஒப்பிடுவார். எங்கே வித்தியாசம் என்று தெரிந்ததும் முன்னால் போய் ஒரு தீற்று, மறுபடி பின்னால். ஒரு படம் முடிவதற்குள் எவ்வளவு தூரம் நடந்திருப்பார் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

மாட்டும் வேலையில்தான் முதல் பாடம் கிடைத்தது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 145 முதல் 155 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவது அரங்குகளில் பரவலான வழக்கம். சராசரி ஆளின் கண்மட்டம் அது. நான் டேப் வைத்து அளந்து பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். அவர் வந்து பார்த்துவிட்டு, “கிண்ணத்தோட வாயைப் பாருங்க, அப்புறம் உயரத்தை முடிவு பண்ணலாம்” என்றார்.

விஷயம் இதுதான். வட்டமான வாய் உள்ள எந்தப் பாத்திரமும் படத்தில் நீள்வட்டமாகத்தான் வரும். அந்த நீள்வட்டம் மெல்லிய கீற்றாக இருந்தால், வரைந்தவரின் கண் கிட்டத்தட்ட அந்த விளிம்பின் உயரத்தில் இருந்திருக்கிறது. அகலமாகத் திறந்து பாத்திரத்தின் உட்புறம் தெரிந்தால், அவர் மேலிருந்து பார்த்திருக்கிறார். மேலிருந்து பார்த்து வரைந்ததை நம் கண்ணுக்கு மேலே மாட்டிவிட்டால் மேசையே நம் பக்கம் சரிந்து கொட்டிவிடும்போல ஒரு சங்கடம் வரும். அதனால் அப்படிப்பட்ட படங்களைக் கொஞ்சம் கீழே இறக்கினோம். கீற்றாகத் தெரிந்தவற்றை வழக்கமான உயரத்திலேயே விட்டோம். இப்போதெல்லாம் எந்த ஸ்டில் லைஃப் முன்னால் நின்றாலும் முதலில் கிண்ணத்தின் வாயைத்தான் தேடுகிறேன். வரைந்தவர் நின்றாரா, உட்கார்ந்தாரா, எட்ட இருந்தாரா என்று ஊகித்துவிட்டு என் கண்ணையும் அந்த இடத்துக்குக் கொண்டுபோகிறேன். தேவைப்பட்டால் முட்டியை மடக்கிக் குனிவதிலும் கூச்சம் இல்லை. படம் சட்டென்று நேராகி உட்காரும்.

அடுத்தது வெளிச்சம். மேலிருந்து வரும் ஸ்பாட்லைட்டைச் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் வைப்பார்கள். அதைவிடப் படத்துக்கு நேராகத் திருப்பினால் வார்னிஷில் பட்டுக் கண்ணில் அடிக்கும், பார்ப்பவரின் நிழலும் படத்தில் விழும். சுவரை ஒட்டி மிகவும் செங்குத்தாக வைத்தால் ஃப்ரேமின் நிழல் படத்தின் தலையில் விழும். இதெல்லாம் அரங்கில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குப் புதிதாக இருந்தது வேறு. படங்களில் வெளிச்சம் ஏறக்குறைய எப்போதும் இடப்பக்கத்திலிருந்தே வந்தது. வலக்கைக்காரர்கள் ஜன்னலை இடப்பக்கம் வைத்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் கையின் நிழல் வரைகிற இடத்திலேயே விழும். பூமியின் வடபாதியில் இருக்கும் ஓவியர்கள் வடக்கு ஜன்னலை விரும்புவதற்கும் எளிய காரணம்தான்: அந்தப் பக்கம் நேர் வெயில் அனேகமாக வராது, நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் கிடைக்கும். எங்கள் ஹாலில் ஒரே ஒரு பெரிய ஜன்னல். அந்த ஜன்னல் எந்தச் சுவருக்கு இடப்பக்கத்தில் வருகிறதோ அந்தச் சுவரில் அவருடைய சிறந்த படங்களை மாட்டச் சொன்னார். உண்மையான வெளிச்சமும் வரைந்த வெளிச்சமும் ஒரே திசையில் வரும்போது அந்தச் செம்புப் பாத்திரம் நிஜமாகவே சுவரை விட்டு வெளியே வந்து நின்றது.

பார்வையாளருக்கு இதில் ஒரு சின்னப் பயன் உண்டு. இருண்ட பின்னணியுள்ள ஆயில் படங்களில் வார்னிஷ் கண்ணாடி மாதிரி வேலை செய்யும். படத்துக்குள் உங்கள் முகமோ எதிர்ச்சுவர் லைட்டோ தெரிந்தால் அரை அடி பக்கவாட்டில் நகருங்கள். பலர் நகராமலேயே “ரொம்ப இருட்டா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சரி, ஜனங்கள் என்ன சொன்னார்கள்? பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான்: “போட்டோ மாதிரியே இருக்கு!” பாராட்டாகத்தான் சொன்னார்கள். ஓவியரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் நாளாக ஆக அது உறுத்தியது. ஏனென்றால் பக்கத்தில் நின்று பார்த்தால் அவை போட்டோ மாதிரி இல்லவே இல்லை. இதை ஒருநாள் நானே சோதித்துப் பார்த்தேன். ஓவியர் அதே செம்புப் பாத்திரத்தைத் தன் பையில் கொண்டுவந்திருந்தார். ஜன்னலோரம் வைத்து மொபைலில் எடுத்தேன். வெள்ளைத் துணி சரியாக வரும்படி எடுத்தால் நிழல் பகுதி கறுப்புக் குழியாகிவிட்டது. நிழலுக்குள் விவரம் தெரியும்படி எடுத்தால் துணி வெளிறி மடிப்புகளே காணாமல் போயின. படத்திலோ இரண்டும் இருந்தன. நம் கண் ஒவ்வோர் இடமாகப் போய் ஒவ்வொன்றுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமரா ஒரே அளவில் மொத்தத்தையும் பிடிக்கிறது. மொபைல்கள் இப்போது பல ஷாட்களை ஒட்டி இதைச் சமாளிக்கின்றன, ஆனால் ஒட்டியது தெரிகிறது. அவர் வரைந்திருந்தது பல மணி நேரம் பார்த்த ஒரு ஜோடிக் கண்கள் கண்டதை.

இன்னொரு வித்தியாசம் விளிம்புகளில் இருக்கிறது. எனக்கு இந்தக் கண்காட்சியிலிருந்து கிடைத்த பெரிய லாபமே விளிம்பைப் பார்க்கப் பழகியதுதான். ஒரு படத்தில் இருண்ட பின்னணிக்கு முன்னால் ஒரு கறுத்த பாட்டில் இருந்தது. வெளிச்சம் படும் பக்கத்தில் அதன் விளிம்பு கத்தி மாதிரி கூர்மை. மறுபக்கத்தில் விளிம்பே கிடையாது. பாட்டிலும் பின்னணியும் ஒரே நிறத்தில் கலந்துபோயிருந்தன. ஆனால் எட்டி நின்றால் பாட்டில் முழுதாகத் தெரிந்தது; இல்லாத கோட்டை நம் மூளை போட்டுக்கொள்கிறது. வந்தவர்களிடம், “இந்தப் பாட்டிலின் விளிம்பை மேலிருந்து கீழே கண்ணாலேயே தொடர்ந்து வாருங்கள்” என்று சொல்ல ஆரம்பித்தேன். வலப்பக்கம் வந்ததும் நின்றுவிடுவார்கள். அப்புறம் அடுத்த படத்திலும் தாங்களாகவே தேடுவார்கள். எங்கே கூர்மை, எங்கே மங்கல், எங்கே ஒன்றுமில்லை என்று பார்த்தாலே ஓவியர் நம்மை எங்கே பார்க்கச் சொல்கிறார் என்பது புரிந்துவிடும்.

நிழல்களுக்கும் இதே கதை. பொருள் மேசையைத் தொடும் இடத்தில் நிழல் இருண்டு, விளிம்பு கூர்மையாக இருக்கும். தள்ளிப் போகப் போக வெளிறி மங்கும். அந்த மங்கல் சரியாக இல்லாவிட்டால் பொருள் மேசையில் உட்காராமல் மிதக்கும். எலுமிச்சையின் கீழ்ப்புறத்தில், நிழலுக்குள்ளேயே, துணியிலிருந்து எழும் வெளிச்சம் லேசாக ஏறியிருந்தது. பதிலுக்குத் துணியில் எலுமிச்சையின் மஞ்சள் படிந்திருந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை முட்டைகள் என்று ஒரு படம். அதில் சுத்தமான வெள்ளை எங்கேயும் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். கையைக் குழல் மாதிரி சுருட்டி ஒரு கண்ணால் அதன் வழியாகப் பார்க்கச் சொல்வேன். சுற்றியிருப்பது மறைந்து ஒரு சின்ன இடம் மட்டும் தெரியும்போது அது சாம்பல், நீலம், சற்றே பழுப்பு என்று தன் உண்மை நிறத்தைக் காட்டும். குழந்தைகளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்தது. பெரியவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் செய்தார்கள்.

எவ்வளவு நேரம் பார்ப்பது, எங்கே நின்று பார்ப்பது? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு படத்தின் முன் அவர்கள் நின்ற சராசரி நேரம் சுமார் 27 விநாடி. எங்கள் ஹாலில் அதுகூட இல்லை என்பது என் எண்ணம். நான் செய்து பார்த்துப் பலன் கண்டது இது: முதலில் ஹாலின் நடுவிலிருந்து, பொருட்களின் பெயர்கூடத் தெரியாத தூரத்தில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பது. அப்போது வெளிச்சத் திட்டு, இருட்டுத் திட்டு இரண்டு மட்டும் தெரியும். நல்ல படம் அந்தத் தூரத்திலேயே நன்றாக இருக்கும். பிறகு ஓவியர் நின்றிருக்கக்கூடிய தூரம். கடைசியாக, தொடாமல், மூக்கு நீளத்துக்கு. அங்கே போனதும் பொருள் மறைந்து பெயிண்ட் தெரியும். கண்ணாடிக் கோப்பையை நெருங்கிப் பார்த்தால் கோப்பை என்று ஒன்றுமே இல்லை: பின்னணியின் நிறம், அதன்மேல் நாலைந்து தீற்றுகள். எலுமிச்சையின் பளபளப்பு, தடிப்பாக வைத்த ஒற்றைப் பொட்டு. வெளிச்சம் விழும் இடங்களில் பெயிண்ட் தடித்தும் நிழலில் மெல்லியதாகவும் இருந்தது. பழைய காலத்து ஆயில் ஓவியர்களிடம் நிறையப் பார்க்கலாம் இந்தப் பழக்கத்தை.

இந்த மூன்று தூரத்தையும் மொபைலும் கேட்லாக்கும் தர முடியாது. படம் எடுக்க ஆசைப்படுவதில் தப்பில்லை. பார்த்து முடித்த பிறகு ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். வந்ததும் மொபைலைத் தூக்கியவர்கள் பெரும்பாலும் மொபைல் திரையில்தான் பார்த்தார்கள், சுவரில் இல்லை.

கண்காட்சியில் அதிகக் கூட்டம் சேர்ந்த படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத படம். மரப்பலகையில் குத்தி வைத்த பழைய கடிதங்கள், ஒரு மூலை மடிந்த தாள், ஒரு சாவி. கண்ணை ஏமாற்றும் வகை. ஒரு பெரியவர் அந்தத் தாளின் மூலையை நிமிர்த்தவே கையை நீட்டிவிட்டார். இந்த ஆசை பழையது. ரோமானியரான பிளினி எழுதி வைத்த கதையில், கிரேக்க ஓவியர் ஜியூக்ஸிஸ் வரைந்த திராட்சையைப் பறவைகள் கொத்த வருகின்றன. போட்டியாளர் பர்ராசியஸ் வரைந்த திரைச்சீலையை விலக்கச் சொல்லி ஜியூக்ஸிஸே ஏமாந்துபோகிறார். இவ்வகைப் படங்களில் கடிதம், சீட்டு, ரிப்பன் என்று தட்டையான பொருட்களே அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. ஆழமுள்ள பொருளென்றால் நாம் தலையை அசைத்ததும் அதன் பாகங்கள் ஒன்றுக்கொன்று விலகித் தெரிய வேண்டும். ஓவியத்தில் அது நடக்காது, குட்டு உடைந்துவிடும். தட்டையானவற்றில் அந்த வித்தியாசம் மிகக் குறைவு. சாமர்த்தியம்தான். ஆனால் ஏமாந்து முடிந்ததும் அந்தப் படத்தில் பார்க்க அதிகம் மிச்சமில்லை. முட்டைப் படத்தைத் தினமும் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

“இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டவர்களும் நிறைய. பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் மண்டையோடு, அணைந்த மெழுகுவத்தி, கடிகாரம் எல்லாம் வாழ்க்கையின் நிலையாமையைச் சொல்ல வந்தவை. அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் வெங்காயத்துக்கும் தத்துவம் கேட்டார்கள். ஓவியரிடம் பதில் இல்லை. வெங்காயத் தோலின் நிறம் செம்புக்குப் பக்கத்தில் நன்றாக இருந்தது, அதனால் வைத்தேன் என்றார். அர்த்தம் தேடுவதைவிடப் பயனுள்ள ஒரு சோதனை உண்டு: கட்டைவிரலைக் கண்ணுக்கு முன்னால் நீட்டி ஒரு பொருளை மட்டும் மறைத்துப் பாருங்கள். மீதிப் படம் ஒரு பக்கம் சாய்கிறதா? மறைத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தப் பொருள் அங்கே சும்மா இருக்கிறது. நிறையக் கண்ணாடிக் கோப்பைகள் கொண்ட ஒரு படத்தில் நான் இரண்டு கோப்பைகளை மறைத்தேன், படம் மேம்பட்டது. இதை அவரிடம் சொல்லவில்லை.

பளபளக்கும் பாத்திரங்களுக்குள் என்ன தெரிகிறது என்று பார்க்க மறக்காதீர்கள். கிளாரா பீட்டர்ஸ் என்ற ஃபிளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியர் 1612-இல் வரைந்த ஒரு ஸ்டில் லைஃப்பில், தங்க முலாம் பூசிய கோப்பையின் புடைப்புகளில் தன் உருவத்தையே பலமுறை குட்டியாக வரைந்து வைத்தார். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்தப் படம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் செம்புப் பாத்திரத்தையும் துழாவினேன். வளைந்த ஜன்னல், அதன் குறுக்குக் கம்பி, ஈசலின் ஒரு கால், பக்கத்தில் கறுப்பாக ஓர் உருவம். ஓவியர் அங்கே நின்றிருந்தார். ஸ்டில் லைஃப்பில் மனிதர்கள் இல்லை என்ற குறையை நெடுநாளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்; 1660களின் இறுதியில் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபெலிபியான் ஓவிய வகைகளைத் தரவரிசைப்படுத்தியபோது உயிரற்ற பொருட்களை வரைவதைக் கடைசி வரிசையில்தான் வைத்தார்.

ஓவியரே ஹாலில் இருந்தால் பேசுங்கள். ஆனால் “எத்தனை நாள் ஆச்சு?” என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், அவரும் தயாராக வைத்திருக்கும் பதிலைச் சொல்லிவிடுவார். ஒரு கல்லூரிப் பெண் வேறு மாதிரி கேட்டாள்: “இதிலிருந்து எதையாவது எடுத்துட்டீங்களா?” அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. புத்தகங்கள் இருந்த படத்துக்கு அழைத்துப்போய்ப் பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொன்னார். சாய்வான வெளிச்சத்தில், வெறும் மேசை என்று நாங்கள் நினைத்த இடத்தில், பெயிண்டுக்கு அடியில் ஒரு கத்தியின் வடிவம் மேடிட்டுத் தெரிந்தது. வரைந்து முடித்து, அது எல்லார் கண்ணையும் இழுக்கிறது என்று சுரண்டி மூடியிருக்கிறார். அதற்குப் பிறகு நான் எல்லாப் படங்களையும் ஒருமுறை பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். இரண்டு மூன்று ஆவிகள் கிடைத்தன.

வரையப் பழகுகிறவர்களும் வந்தார்கள். அவர்களுக்கு அவர் சொன்னதிலிருந்து நினைவில் நிற்பவை: ஒரே ஒரு வெளிச்சம் வையுங்கள், மற்றதை அணையுங்கள் அல்லது அட்டையால் மறையுங்கள். பொருட்கள் இருக்கும் இடத்தை மேசையில் குறித்து வையுங்கள், யாராவது நகர்த்திவிடுவார்கள். உங்கள் கால் நிற்கும் இடத்தையும் குறியுங்கள். வாடுவதை முதலில் வரையுங்கள்; பூவும் நறுக்கிய பழமும் காத்திருக்காது, செம்பு காத்திருக்கும். அடிப் பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்கட்டும், இல்லாவிட்டால் பின்னால் பெயிண்ட் விரிசல் விடும். ஒரு படத்தின் வெங்காயம் வரைந்துகொண்டிருக்கும்போதே முளைவிட்டுவிட்டதாம். முளையையும் சேர்த்தே வரைந்திருந்தார். அந்தக் காலப் பூ ஓவியர்கள் வெவ்வேறு பருவத்தில் பூக்கும் பூக்களைத் தனித்தனியாக வரைந்து வைத்துக்கொண்டு ஒரே கொத்தில் சேர்ப்பதுண்டு. இவர் அதற்கும் ஒப்ப மாட்டார்.

படம் வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆயில் பெயிண்ட் நீர் வண்ணம் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. தொட்டால் ஒட்டாது என்பதற்காக உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கடைசி வார்னிஷுக்குப் பொதுவாக ஆறு மாதமாவது காத்திருப்பார்கள். அதனால் புதிய படம் என்றால் வார்னிஷ் போட்டாயிற்றா, இனிமேல்தான் போட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேர் வெயில் வேண்டாம். அதற்காக இருட்டு அறையில் பூட்டியும் வைக்காதீர்கள். ஆயில் பெயிண்டில் பெரும்பாலும் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். ஈரத் துணியால் துடைக்கவே கூடாது, தூசியை மென்மையான காய்ந்த பிரஷால் தட்டினால் போதும்.

எப்போது போவது என்று கேட்டால், திறப்பு விழா நாளைத் தவிர்த்துவிடுங்கள் என்பேன். அன்றைக்கு எல்லாரும் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். தோள்பைகள் ஃப்ரேமில் இடிக்காமல் பார்த்துக்கொள்வதிலேயே எனக்குப் பொழுது போயிற்று. வார நாளில் காலையில் போனால் ஹால் உங்களுக்கே. ஜன்னல் உள்ள அரங்கு என்றால் பகலில் ஒருமுறை பார்த்துவிட்டு, முடிந்தால் விளக்குப் போட்ட பிறகும் ஒருமுறை பாருங்கள். எங்கள் ஹாலில் சாயங்காலமானதும் மஞ்சள் லைட்டில் செம்பு இன்னும் சூடாகி அழகானது, ஆனால் முட்டைகளின் நீலநிழல் பாதி செத்துவிட்டது. அந்தப் படத்தைக் கேட்டு வருகிறவர்களைக் காலையில் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். சிலர் வந்தார்கள்.